கல்லுக்கு முந்தியவர்களே!

கல்லும் மண்ணும் தோன்றும் முன்பே நாம் இருந்தோம் என்று மேடையில் ஒருவர் முழங்கினால் உடனே கை தட்டுகிறீர்கள். சரி, அந்தக் கல்லுக்கு என்ன வயசு என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

குமரிக்கண்டம் என்றால் டீக்கடையில்கூட மேப் போட்டுக் காட்டுவார்கள். துணைக்கு இழுக்கிற 'லெமூரியா', 1864-ல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல்காரர் செய்த ஊகம். மடகாஸ்கரின் லெமூருக்கு இந்தியாவில் எப்படி உறவுக்காரர்கள் என்று அவருக்குக் குழப்பம். நடுவில் ஒரு கண்டம் முழுகியிருக்கும் என்றார். கண்டங்களே நகர்கின்றன என்று 1960-களில் உறுதியானதும் விஞ்ஞானம் அதைக் கைவிட்டது. நாம் விடுவதாயில்லை.

நிஜக் கதை இதைவிடப் பெரிசு, சார். நம் கிழக்குக் கரை ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. சுமார் 100 கோடி வருஷம் முன்பு இரண்டுக்கும் பொதுவாக ஒரு மலைத்தொடர் எழுந்தது. ஒரு பாதி ஆந்திரா, ஒடிசாவில், மறுபாதி அண்டார்டிகாவில். எப்படித் தெரியும்? பாறைக்குள் கடுகைவிடச் சின்ன ஸிர்கான் மணிகள் இருக்கின்றன. அவை உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியத்தில் பாதி ஈயமாக மாற 447 கோடி வருஷம் ஆகும். ஈயத்தை அளந்தால் வயசு தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் அளந்தார்கள். பொருந்தியது.

சுமார் 13 கோடி வருஷம் முன்பு பிளவு விழுந்து, கடல் புகுந்தது. அது பிற்பாடு படியவைத்த சுண்ணாம்புப் பாறை வில்லியனூர் கொம்யூனில் சேதராப்பட்டு, கரசூர் பக்கம் இருக்கிறது. புதுச்சேரி வட்டாரத்தின் கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் 1846-லேயே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்பவர் லண்டனில் விவரித்து எழுதிவிட்டார். பாகூர் பக்கம் ஓடும் தென்பெண்ணை மணலோ, கிருஷ்ணகிரி, தர்மபுரி மலைகள் தேய்ந்த பொடி. அந்தப் பாறைகளில் பல 250 கோடி வயசு.

நமக்கோ பாறை என்றால் ஜல்லி, மணல் என்றால் ஒரு லோடு. மலையின் பிறப்புச் சான்றிதழைக் கலவையில் கொட்டிப் பூசிவிட்டு, பழம்பெருமை பேசுகிறோம்!

பக்கத்துத் திருவக்கரையில் 1940-லேயே கல்மரங்களுக்குப் பூங்கா வைத்தார்கள். ஆகாத காரியமில்லை. கரசூர் பக்கமும் மனைக் கற்கள் முளைக்கும் முன் ஓர் ஏக்கரை வேலி போட்டுக் காப்பாற்றுங்கள். வில்லியனூர், பாகூர் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கல்லுக்கு முந்தியவர்களாகவே இருந்துவிட்டுப் போங்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கல்லையாவது மிச்சம் வையுங்கள்.