80ஐ 120 ஆக்கினால் ஈச்சிலம்பற்றுக்கு யார் போவார்?

அரசாங்கத்தில் இருப்பவர்கள் வைத்தியர்களின் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணிக்கும் முறையில் கைவைத்துவிட்டு, அதையும் சம்பள உயர்வின் கணக்கிலேயே சேர்த்துப் பேசுகிறார்கள். 2025 பாதீட்டின்படி வைத்தியர் ஒருவரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 54,290 ரூபாவிலிருந்து 91,750 ரூபாவாக உயரும். அதுவும் ஒரேயடியாக அல்ல, 2027 வரை மூன்று கட்டங்களாக. அதே கையோடு, ஒரு மணி நேர மேலதிக வேலைக்கு அடிப்படைச் சம்பளத்தின் 80இல் ஒரு பங்கு என்றிருந்ததை 120இல் ஒரு பங்காக்கினார்கள். முன்பு மணிக்கு 679 ரூபா. முழு உயர்வும் கைக்கு வந்த பிறகு 765 ரூபா. சம்பளம் 69 சதவீதம் ஏறும்போது, இரவு விழித்திருப்பதற்கான கூலி 13 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

ரூபாக் கணக்கில் குறையவில்லையே என்பது அவர்களின் வாதம். கொழும்பில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பத்துப் பதினைந்து வைத்தியர்கள் முறைவைத்துக் கடமை பார்க்கும் பெரிய வைத்தியசாலையில் இந்த இழப்பு பங்குபோட்டுக் கரைந்துவிடும். திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரிலும் ஈச்சிலம்பற்றிலும் குச்சவெளியிலும் அப்படியா? ஒருவர் அல்லது இருவரை நம்பி இயங்கும் பிரதேச வைத்தியசாலையில், பகல் முழுக்க வெளிநோயாளரைப் பார்த்த அதே வைத்தியர்தான் இரவு பாம்புக்கடிக்கும் எழும்ப வேண்டும். பொங்கலன்றும் பெருநாளன்றும் அவரே. பிள்ளையின் பள்ளிக்கூடம் திருகோணமலை நகரில், வீடு ஒருவேளை யாழ்ப்பாணத்தில் அல்லது கண்டியில். அவரை அங்கே பிடித்துவைத்திருந்தது அந்த மேலதிக நேரப் பணம்தான். மாலை ஐந்து மணிக்குத் தனியார் கிளினிக் திறந்து சம்பாதிக்க அங்கே ஆள் ஏது? நகரத்து வைத்தியருக்கு இன்னொரு வருமானம் இருக்கிறது. எல்லைக் கிராமத்து வைத்தியருக்கு இருந்த ஒரே மேலதிக வருமானத்தின் விகிதத்தில் வெட்டு விழுந்திருக்கிறது.

கிராமங்களில் வைத்தியர் தங்காவிட்டால் அதன் விலையை நகரமும் கொடுக்கிறது. திருகோணமலை நகரின் லிங்கநகரில் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒரு வயோதிபருக்கு, அவர் குடும்பத்தையே அறிந்த வைத்தியர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் போதும். அப்படி ஒருவர் இல்லாததால் மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கவே பொது வைத்தியசாலையில் விடியற்காலை வரிசை. அந்த வரிசையில்தான் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். 5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர் என்று கொள்கை எழுதியவர்கள்தானே நீங்கள்? ஆரம்பச் சுகாதாரத்தைப் பலப்படுத்தவென 2018இல் உலக வங்கி 200 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. கட்டடங்களுக்குச் சாயம் பூசலாம், கணினி வாங்கலாம். உள்ளே இருக்கப்போகும் மனிதருக்கு என்ன எதிர்காலம் வைத்திருக்கிறீர்கள்? பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் குடும்ப மருத்துவம் படித்து முடித்த இளைஞர் ஒருவர் இந்த மாவட்டத்தில் தன் தகுதிக்கேற்ற பதவியைத் தேடினால் எதைக் காட்டுவீர்கள்? அவர் பிரித்தானியாவுக்கான பிளாப் பரீட்சைக்கோ அவுஸ்திரேலியாவுக்கான ஏஎம்சி பரீட்சைக்கோ புத்தகம் விரிப்பதைத் துரோகம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆட்சிகள் மாறின, இந்தக் கணக்குகளைப் போடும் மேசை மாறவில்லை. 1977இல் அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாக நோயாளரைப் பார்க்க அனுமதித்த அன்றே, முழுநேரக் குடும்ப வைத்தியரின் தொழில் சரியத் தொடங்கியது. அதன் விளைவை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. 2022 ஜூனில், சேவைமூப்புக் குறையாமல் ஐந்து வருடம் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரச ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டார்கள். சில மாதங்களில், 60 வயதைத் தாண்டியவர்கள் அந்த வருட முடிவோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். இளையவர்களுக்கு விமானநிலையத்தைக் காட்டி, மூத்தவர்களுக்கு வாசலைக் காட்டியது ஒரே வருடத்தில்! வழக்கும் கூச்சலும் எழுந்த பிறகுதான் வைத்தியர்களுக்கு அது 63 ஆயிற்று. அந்த இடைவெளியில் போனவர்கள் போனவர்களே.

இங்கே இதைத் தட்டிக்கேட்கவும் ஆளில்லை. மாகாணத்தின் பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சபையின் பொறுப்பு. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. மக்கள் தெரிவுசெய்த மாகாணச் சுகாதார அமைச்சர் ஒருவர் இருந்திருந்தால், இந்த 120 ஈச்சிலம்பற்றில் என்ன செய்யும் என்று கொழும்பில் போய்க் கேட்டிருப்பார். சபை இல்லாத மாகாணத்தை நடத்தும் ஆளுநர் அலுவலகத்துக்கு அந்தக் கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

தூரத்தையும் தனிமையையும் கணக்கில் எடுக்கும் ஒரு கொடுப்பனவு முறை வேண்டும். குடும்ப வைத்தியருக்கு இந்த மாவட்டத்திலேயே ஆளணியும் பதவி உயர்வும் வேண்டும். அதை எப்படி வகுப்பது என்று நிபுணர்கள் உட்கார்ந்து பேசட்டும். அதற்கு முன், தனியொருவராகக் கடமை பார்க்கும் வைத்தியசாலைகளிலாவது அந்த 120ஐ உடனே திரும்பப் பெறுங்கள்.