மனையைத் திருப்பிக் கொடுத்தால் போதுமா?

நிலம் இழந்தவருக்கு ஈடு தர வேண்டியதுதான். அதை யாரும் மறுக்கவில்லை. கேசரேயில் போன 3 ஏக்கர் 16 குண்டாவுக்கு, விலைமதிப்பு மிக்க விஜயநகரில் 14 மனைகள் தந்தது சரியா என்பதே 2024-இல் மைசூரைக் கலக்கிய ‘மூடா’ விவகாரம்.

பெற்றவர், அவ்வாண்டு முதலமைச்சராக இருந்த சித்தராமையாவின் மனைவி பார்வதி. ஒதுக்கீடு நடந்தது 2021-இல். அப்போது ஆண்டது பா.ஜ.க.; சித்தராமையா எதிர்க்கட்சித் தலைவர். கவர்னர் விசாரணைக்குத் தந்த அனுமதியை 2024 செப்டம்பர் 24-இல் ஹைகோர்ட் உறுதி செய்தது. ஆறே நாளில் பார்வதி மனைகளைத் திருப்பித் தருவதாக எழுதினார். 2025 பிப்ரவரியில் லோகாயுக்தா போலீஸ், குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்றது.

சட்டம் கேட்பது, ‘தவறு என்று தெரிந்து வாங்கினாயா?’ என்று. அறம் ஒரு படி முன்னே நின்று, ‘ஏன் விசாரிக்கவில்லை?’ என்கிறது. ரயில்வேயில் இருக்கும் எனக்கு இது புதிதல்ல. ஏஜெண்ட் கொடுத்த டிக்கெட்டில் பெர்த் எப்படிக் கிடைத்தது என்று எந்தப் பயணியும் கேட்பதில்லை. கேட்டால் பெர்த் போய்விடும்!

ஒதுக்கியது அதிகாரி, நான் வாங்கினேன், அவ்வளவுதான் என்பது பாதி நியாயம். சந்தேகம் எழுந்த நாள் முதல் வாங்கியவருக்கும் பங்கு உண்டு. அந்த வகையில் திருப்பியது சரியே. கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பின் என்பதுதான் உறுத்தல்.

மற்றவர்கள்? 2025 ஜனவரியில் அமலாக்கத் துறை முடக்கிய ‘மூடா’ சொத்துக்கள் 142. மதிப்பு சுமார் 300 கோடி. பெரும்பாலும் ரியல் எஸ்டேட்காரர்கள் பெயரில் இருந்தவை. அவர்களிடம் மனை வாங்கி வீடு கட்டியவர்களும் நம் ஊரில் இருப்பார்கள். பத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார்கள். அந்த மனை முதலில் எப்படி வந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்?