200 மணி நேரத்துக்கு 273 உயிர்கள்!

1979 மே 25-ந் தேதி, அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் டி.சி.-10 விமானம், தரையை விட்டு எழும்பும் தறுவாயில் இடது எஞ்சினை இழந்தது. எஞ்சின், தன்னைத் தாங்கிய சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு ஓடுபாதையில் விழுந்தது. 31 விநாடிகளில் விமானம் தரையில் மோதி எரிந்தது. விமானத்திலிருந்த 271 பேரும், தரையிலிருந்த 2 பேரும் மாண்டனர்.

விதி என்று சொல்லிக் கண்ணீர் வடிப்பது எளிது. எஞ்சின் ஏன் பிய்ந்தது?

பராமரிப்பின்போது முதலில் எஞ்சினையும், பிறகு தாங்கு சட்டத்தையும் தனித்தனியே கழற்ற வேண்டும் என்பது விமானத்தைக் கட்டிய மெக்டானல் டக்ளஸ் கம்பெனி வகுத்த முறை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிர்வாகம் குறுக்கு வழி கண்டது. ‘ஃபோர்க்லிஃப்ட்’ என்னும் பளுதூக்கி வண்டியால் இரண்டையும் சேர்த்தே இறக்கு! விமானம் ஒன்றுக்குச் சுமார் 200 மணி நேர உழைப்பு மிச்சம்! இந்த மிச்சம் பிடிக்கும் வேலையில்தான் சட்டத்தின் பின்பகுதியில் விரிசல் விழுந்தது. அந்த விரிசலோடு சுமார் எட்டு வாரம் விமானம் பயணிகளைச் சுமந்து பறந்தது.

எஞ்சின் பிய்ந்தபோது ஹைட்ராலிக் குழாய்கள் அறுந்தன. இடது இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் உள்ளே மடங்கின. இறக்கை தூக்கும் சக்தியை இழந்தது. எச்சரிக்க வேண்டிய கருவி மின்சாரமின்றி ஊமையாயிற்று. துணை விமானிக்கென்று தனி எச்சரிக்கைக் கருவி உண்டு. ஆனால் அன்று அது விரும்பினால் பொருத்திக்கொள்ளும் உபரிச் சாமான். கம்பெனி விரும்பவில்லை! விமானிகள் விதிமுறைப்படியே ஓட்டினர், உயிரை இழந்தனர்.

காண்டினென்டல் கம்பெனியும் இதே குறுக்கு வழியில் போனது. சிகாகோ சாவுகளுக்குச் சில மாதங்கள் முன்பே, தன் விமானங்கள் இரண்டில் இதே சேதத்தைக் கண்டது. செப்பனிட்டது, மறுபடி பறக்கவிட்டது. பராமரிப்பில் நேர்ந்த சேதத்தை சர்க்காருக்குத் தெரிவிக்க அன்று கட்டாயம் இல்லையாம்! என்ன அருமையான சட்டம்!

அமெரிக்க சர்க்காரின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் இப்படிக் கண்ணயர்ந்தது முதல் தடவையல்ல. 1972-ல் இதே ரக விமானம் ஒன்றின் சரக்குக் கதவு வானில் பிய்ந்தது. அப்போது கண்டிப்பான உத்தரவு போடாமல், கம்பெனியோடு கனவான்களின் ஒப்பந்தம் செய்துகொண்டது அந்த நிர்வாகம். 1974-ல் பாரிஸ் அருகே துருக்கி விமானம் ஒன்றில் அதே கதவு பிய்ந்தது; 346 பேர் மாண்டனர். கனவான்கள் உயிரோடிருந்தார்கள்!

சிகாகோ சாவுகளுக்குப் பிறகு அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு விதித்த அபராதம் 5 லட்சம் டாலர். செத்தவர் தலைக்கு 2,000 டாலர்கூடத் தேறாது! 

மிச்சம் பிடித்த 200 மணி நேரத்தின் பலன் பயணிக்கும் போகவில்லை, பட்டறைத் தொழிலாளிக்கும் போகவில்லை. அது முதலாளியின் கணக்கில் சேர்ந்தது. நஷ்டம் மட்டும் 273 பேரின் குடும்பங்கள் தலையில் விழுந்தது. ஆகவே, ஆபத்தான குறுக்கு வழியை மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும். கண்ட சேதத்தைச் சொல்லாத நிர்வாகத்துக்குத் தண்டனை வேண்டும். உயிரின் பாதுகாப்பை லாபக் கணக்கனின் கையில் விட்டுவைக்க முடியாது!