சொற்களை அடுக்கினால் வாக்கியம் ஆகுமா?

ஆங்கிலப் பாடநூல்களிலும் வினாத்தாள்களிலும் ஒரு பயிற்சி நீங்கா இடம்பெற்றுள்ளது. ஒரு வாக்கியத்தின் சொற்களைக் குலைத்து, சாய்கோடுகளாற் பிரித்துவைத்து, ஒழுங்குபடுத்துக எனக் கேட்பதே அது. இதனை இடையறாது செய்துவரின் ஆங்கிலச் சொல்லொழுங்கு தானே படிந்துவிடும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. அந்நம்பிக்கை தவறானது, எமது மாணவரின் காலத்தையும் தன்னம்பிக்கையையும் ஒருங்கே வீணாக்குவது.

இப்பயிற்சியில் மாணவர் செய்வது யாது? பெரிய எழுத்திலே தொடங்கும் சொல்லை முதலில் வைக்கின்றார். முற்றுப்புள்ளி ஒட்டிநிற்கும் சொல்லை இறுதியில் வைக்கின்றார். எஞ்சியவற்றை ஊகத்தால் நிரப்புகின்றார். வாக்கியத்தின் பொருளை அறியாமலே விடை சரியாகிவிடலாம். மறுபுறம், 'யெஸ்டர்டே' என்னும் சொல் வாக்கியத்தின் முதலிலும் வரலாம், இறுதியிலும் வரலாம். புள்ளியிடுவோர் ஒன்றையே விடையெனக் கொள்வாராயின், மொழியறிந்த மாணவரே தண்டிக்கப்படுகின்றார். இது புதிர் அவிழ்த்தலேயன்றி மொழிப்பயிற்சி அன்று.

இடர்ப்பாட்டின் வேர் வேறிடத்தில் உள்ளது. 'ராமன் கண்ணனைக் கண்டான்', 'கண்ணனை ராமன் கண்டான்', 'கண்டான் கண்ணனை ராமன்' என எவ்வாறு மாற்றினும் கண்டவன் ராமனே. அழுத்தம் மாறும், பொருள் மாறாது. இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு பொருளைக் காத்துநிற்கின்றது. ஆங்கிலத்திலோ 'ராமன் சோ கண்ணன்' என்பதைக் 'கண்ணன் சோ ராமன்' எனத் திருப்பினால், கண்டவன் காணப்பட்டவன் ஆகிவிடுகின்றான். எமது மொழியில் உருபு செய்யும் தொழிலை அம்மொழியில் இடம் செய்கின்றது. இந்த ஓர் உண்மையை விளங்கிக்கொள்ளாதவருக்கு ஆயிரம் குலைந்த வாக்கியங்களும் பயன்தரா.

ஆங்கிலமும் என்றும் இவ்வாறு இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை வடிவங்கள் நிறைந்திருந்தன. 'அரசன்' என்னும் பெயரின் முன்வரும் சுட்டுச்சொல், எழுவாயாயின் 'சே' எனவும், செயப்படுபொருளாயின் 'தொனே' எனவும் வேறுபட்டது. ஆகவே சொற்கள் இன்றினும் தாராளமாக இடம்பெயர முடிந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஈறுகள் தேய்ந்தன, சொல்லொழுங்கு இறுகியது. 'ஹீ', 'ஹிம்' போன்ற சில வடிவங்களே பழைய வேறுபாட்டின் எச்சங்களாக நிற்கின்றன.

ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்கவேண்டும், வகுப்பறையில் தமிழ் தலைகாட்டலாகாது என்பாரும் உளர். ஆங்கிலம் செவியில் நிறைய விழவேண்டும் என்ற அளவில் அவர்கள் கூற்று ஏற்புடையதே. ஆனால் தமிழை வாசலில் நிறுத்துவதால் அது மாணவரின் உள்ளத்திலிருந்து வெளியேறிவிடுவதில்லை. வினா வாக்கியத்தில் 'இஸ்' என்பது எழுவாய்க்கு முன்வரும் என மனனஞ்செய்த மாணவர், 'ஐ டோன்ற் நோ வெயர் இஸ் ஹீ' என எழுதுகின்றார். தமிழில் 'வந்தானா' என்பதன் ஈற்றில் நிற்கும் ஆகாரம் வினவுதலைக் காட்டுவதுபோல, ஆங்கிலத்தில் இவ்விடமாற்றம் அதனைக் காட்டுகின்றது. வினவாத இடத்தில் அது வேண்டியதில்லை. இவ்விளக்கத்தை அவருக்கு எவரும் அளிக்கவில்லை. பிழை மாணவருடையதன்று, காரணம் கூறாத போதனையினுடையது.

வேண்டுவது என்ன? ஒரே கருத்தை மூன்று ஒழுங்குகளிற் கூறும் தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து, அதற்குரிய ஆங்கில வாக்கியத்தை எழுதுமாறு கேட்கலாம். பெயர்களை இடம்மாற்றி, பொருள் எவ்வாறு திரிந்தது எனச் சொல்லச் செய்யலாம். 'நேற்று வந்த மாணவன்' என்பதில் பெயருக்கு முன்நிற்கும் எச்சத்தொடர், ஆங்கிலத்தில் ஏன் பெயரின் பின்னே செல்கின்றது என ஒப்பிட்டுக் காட்டலாம். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பன எமது மாணவர் பாடசாலையிலேயே அறிந்தவை. தொல்காப்பியம் வேற்றுமைக்கெனத் தனி இயலே வகுத்துள்ளது. கையிலுள்ள இக்கருவியை எறிந்துவிட்டு ஊகத்தை நம்பச் சொல்வது எவ்வகையில் அறிவுடைமை?

1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. தமிழ்மொழி மூலம் பயிலும் கலைப்பீட மாணவர், நூலகத்திலே தமக்கு வேண்டிய நூல்கள் பலவற்றை ஆங்கிலத்திலேயே காண்கின்றனர். வீட்டிலும் ஊரிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவருக்கு அதன் ஒழுங்கு செவிவழியே வந்துவிடும். அவ்வாய்ப்பில்லாதவருக்கோ விளக்கமே வழி. அதனை மறுத்துப் புதிர்களை மாத்திரம் நீட்டினால், அவர் தோல்வியைத் தமது மந்தபுத்தியின் விளைவெனக் கருதி ஒதுங்குவார். நூலகத்தின் ஒரு பாதி அவருக்கு அடைபட்டே கிடக்கும். அக்கதவைத் திறக்கும் பொறுப்பு கற்பிப்போருக்கு உண்டு. திறக்குமாறு கேட்கும் உரிமை எமக்கு உண்டு.