பொட்டல மீயும் மாட்டிறைச்சியும்



சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், "நேற்றிரவு என்ன உண்டீர்கள்?" என்று கேட்டேன். வாக்கியம் அமைக்கும் பயிற்சிக்காகக் கேட்ட கேள்விதான். ஒரு மாணவி எழுந்து, "கொரிய மீ, ஐயா. நானே சமைத்தேன்" என்றாள். "அது நஞ்சு. இனித் தொடாதே" என்று வகுப்பின் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெற்றோர் இருவரும் இரவு வேலைக்குச் செல்பவர்கள் என்பதும், தம்பிக்கு உணவிடுவது அவள் பொறுப்பு என்பதும் பிறகே எனக்குத் தெரியவந்தன.

அந்த உறுத்தலோடுதான் விடுமுறையில் என் மகனைப் பக்கத்தில் நிறுத்திச் சாப்பகுரி சமைத்தேன். 2019-இல் வெளிவந்த 'பாரசைட்' திரைப்படத்தைக் கண்டவர்களுக்கு நினைவிருக்கும். மழை கொட்டும் இரவில் வீடு திரும்பும் சீமாட்டி, வழியிலிருந்தே பணிப்பெண்ணை அழைத்து, மகனுக்காக அதைச் சமைக்கச் சொல்கிறாள். சாப்பகெட்டி, நொகுரி என்னும் இரு மலிவான பொட்டல மீக்களின் கலவை அது. அதன்மேல் ஹன்வூ என்னும் விலையுயர்ந்த கொரிய நாட்டு மாட்டிறைச்சியை இட்டு, ஒரே கிண்ணத்தில் செல்வ வீட்டின் போக்கைக் காட்டிவிட்டார் இயக்குநர் போங் ஜூன்-ஹோ. ஆங்கிலத் துணைவரிகளில் அதன் பெயர் 'ராம்டான்' ஆகிவிட்டது. ராமென், உடோன் இரண்டையும் ஒட்டி உண்டாக்கிய சொல். மொழியாசிரியனுக்கு அதில் தனியே ஒரு பாடம் இருக்கிறது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

செய்முறை எளிது. இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் மிளகும் தடவி, நன்கு காய்ந்த சட்டியில் சிவக்க வதக்கித் தனியே வைக்கவேண்டும். இரு பொட்டல மீயையும் ஒன்றாக நான்கைந்து நிமிடம் வேகவைத்து, அடியில் சிறிதளவு நீரை மட்டும் விட்டு வடிக்கவேண்டும். சாப்பகெட்டியின் கருந்தூள், நொகுரியின் காரத்தூளில் பாதி, உடன்வரும் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறி, மேலே இறைச்சியைப் பரப்பினால் முடிந்தது. மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்தினர் கோழியோ காளானோ இடலாம். சுவை வேறாகும், பசி ஆறும்.

தூளில்தான் கவனம் வேண்டும். பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரு பொட்டலத் தூளையும் ஒருவரே முழுதாக உண்டால் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார். பிள்ளைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. ஆகவே நான் சொன்ன அளவிலும் குறைத்தே இட்டோம். மகன் முகம் சுளிக்கவில்லை.

பொட்டல மீயை வீட்டில் தடைசெய்யுங்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் நானே பலமுறை பேசியிருக்கிறேன். இன்று அதை மாற்றிக்கொள்கிறேன். பெற்றோர் வேலை முடிந்து திரும்பும் வரை பசித்திருக்கும் பிள்ளைக்கு நம் தடையால் என்ன பயன்? பாதித் தூளைப் போடு, ஒரு முட்டையை உடைத்து ஊற்று, ஒரு பிடி சாவிக் கீரையைச் சேர், சட்டியின் பிடியை உட்புறமாகத் திருப்பி வை, அடுப்பை அணைத்துவிட்டு உண்ண உட்கார் என்று பக்கத்தில் நின்று இரண்டு முறை காட்டிக்கொடுத்தால் போதும். நலக்கல்விப் பாடத்தில் இதற்கு ஒரு வேளை ஒதுக்க ஆசிரியர்களுக்கு மனம் வரவேண்டும்.

அம்மாணவியிடம் நான் இன்னும் பேசவில்லை. பள்ளி திறந்ததும், அன்று சமைத்த மீ எப்படி இருந்தது என்று கேட்கவேண்டும். அன்றே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.