மேடையை அடைத்திருக்கும் டெட் ஸ்டாக்

"சமையலறையில் இடமே இல்லை" என்றதும் மாடுலர் கிச்சனுக்கு கொட்டேஷன் கேட்டு ஓடுகிறார்களே, மேடையில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார்களா? வாரம் ஒருமுறை ஓடும் கிரைண்டர். கல்யாணத்துக்கு வந்து இன்னும் அட்டைப்பெட்டி பிரிக்காத ஓவன். காய் நறுக்க மிச்சம் ஒரு முழம்!

வேகமாக நகரும் சரக்கு, மெதுவாக நகர்வது, நகராதது என்று பிரிக்கச் சொல்கிறது காஸ்ட் அக்கவுண்டிங். மளிகைக்கடை அண்ணாச்சி அதைப் படிக்காமலே செய்கிறார். வீட்டிலோ தினம் எடுக்கும் பருப்பு டப்பா எட்டாத தட்டில், தீபாவளிக்கு எடுக்கும் முறுக்கு அச்சு கண்ணெதிரே.

1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் பிராங்க்பர்ட் குடியிருப்புகளுக்கு வடிவமைத்த சமையலறை சுமார் 6.5 சதுர மீட்டர்தான். சமைப்பவர் எத்தனை எட்டு நடக்கிறார் என்று கணக்குப் போட்ட பிறகுதான் அலமாரி. அரிசி போன்ற சாமான்களுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் கைக்கெட்டும் இடத்தில்.

இங்கே சமைப்பவரை யார் கேட்கிறார்கள்? ஹாலில் சுவர் நீள ஷோகேஸ், உள்ளே பொம்மைகள் (தூசி இலவசம்). கிரைண்டர் அதன் கீழ்த்தட்டுக்குப் போனாலே மேடையில் ஒன்றரை அடி திரும்பக் கிடைக்கும். விருந்தாளி முகம் சுளிப்பாராம். சுளிக்கட்டும், மாதம் ஒருநாள்தானே வருகிறார். வாரா வாரம் அந்த கனத்தை யார் தூக்குவது என்றால், வீட்டில் ஆண்பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்?