"குடித்துச் செத்தவள்" - அவ்வளவுதானா?

ஒருவர் இறந்துவிட்டால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லு, இல்லாவிட்டால் சும்மா இரு என்பார்கள் பெரியவர்கள். அந்த மரியாதை எல்லாருக்கும் கிடைத்துவிடுவதில்லை. குறிப்பாக, செத்தது ஒரு பெண்ணாகவும், அவள் குடிப்பவளாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஏமி வைன்ஹவுஸ் என்ற லண்டன் பாடகியைப் பற்றித்தான் சொல்கிறேன். 2011-ம் ஆண்டு ஜூலை 23-ம் தேதி, கேம்டன் பகுதியில் தன் வீட்டுப் படுக்கையில் இறந்து கிடந்தாள். வயசு 27. இத்தனை வருஷம் கழித்தும் அவள் பேச்சு வந்தால் இரண்டு கட்சியாகத்தான் பேசுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் அவள் பாட்டைக் கேட்டு உருகுகிறாள். பக்கத்து வீட்டு அம்மாவோ, "அது தானே தேடிக்கிட்டது, அதுக்குப் போய் என்ன வருத்தம்?" என்று ஒரே போடாகப் போட்டார்.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். ஜாஸ் சங்கீதத்தில் நுணுக்கமெல்லாம் தெரியாது. ஆனால் ஒரு குரலைக் கேட்டால் வயிற்றைப் பிசைகிறதா இல்லையா என்பது தெரியாதா என்ன? அவளுடைய அப்பா டாக்சி ஓட்டியவர், ஜாஸ் பாடல்களில் பைத்தியம். அப்பாவின் அம்மாவும் பாடகி. சின்னப் பெண்ணாக இருந்தபோதே பழைய ஜாஸ் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். இருபது வயதில், 2003-ல் முதல் ஆல்பம். தேன்கூடு மாதிரி உயரக் கொண்டை, கண்ணோரத்தில் காது வரை இழுத்த மை, கையெல்லாம் பச்சை. (அந்தக் கொண்டையைப் பார்த்தால் அறுபதுகளின் நம்மூர் கதாநாயகிகள்தான் எனக்கு ஞாபகம் வருவார்கள். சவுரி வைத்துக் கட்டினது போலவே இருக்கும்.) 2008-ல் ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள். விழா நடந்தது அமெரிக்காவில். இவள் லண்டனிலிருந்தபடியே சாட்டிலைட் மூலம் பாடினாள்.

அவள் செத்த அன்று ஆரம்பித்தது ஊர்வாய். முதல் நாள்தான் நார்வேயில் ஒரு கொடியவன் 77 பேரைக் கொன்றிருந்தான். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். "அத்தனை உயிர் போயிருக்கு, ஒரு குடிகாரிக்காக அழுகிறீர்களா?" என்று பலர் கோபப்பட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் படும். ஆனால் துக்கம் என்ன ரேஷன் சர்க்கரையா, இவருக்கு அளந்து கொடுத்துவிட்டால் அவருக்கு இல்லை என்று சொல்ல? ஒரே தெருவில் இரண்டு சாவு விழுந்தால் இரண்டு வீட்டுக்கும்தானே போய் வருகிறோம்?

இன்னொரு பக்கம், அவளை நேசித்தவர்கள் வீட்டெதிரே பூங்கொத்து, மெழுகுவர்த்தி, கடிதங்கள் வைத்தார்கள். சரி. அதோடு மது பாட்டில்களையும் சிகரெட் பாக்கெட்டுகளையும் சேர்த்து வைத்திருந்தார்களே, அதைப் படத்தில் பார்த்ததும் எனக்கு எரிச்சலாக வந்தது. எது அவளைக் கொன்றதோ அதையா படையல் வைப்பது? பெற்றவள் அந்த வழியாக நடந்து போனால் அவள் மனசு என்ன பாடுபடும்?

திட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது, "போதை மருந்தாகத்தான் இருக்கும்." விசாரணையில் வந்தது வேறு. அவள் உடம்பில் சட்டவிரோதப் போதைப் பொருள் எதுவுமே இல்லை. வெறும் மதுதான். 100 மில்லி ரத்தத்தில் 416 மில்லிகிராம். அங்கே வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 80 தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் குடியை நிறுத்தியிருந்திருக்கிறாள். பிறகு மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இது வீட்டில் குடிப்பவர்கள் இருக்கும் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நிறுத்தி வைத்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மூச்சே நின்றுபோகும். அதே போல, நாள்பட்ட குடியை டாக்டர் துணையில்லாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இறப்பதற்கு முந்தின நாள் மாலை டாக்டர் வந்து பார்த்திருக்கிறார். சாக விரும்பவில்லை என்று அவளே தன்னிடம் சொன்னதாக அந்த டாக்டர் விசாரணையில் சாட்சி சொன்னார். இதைப் படித்த பிறகும் "தானே தேடிக்கிட்டா" என்று எப்படிச் சொல்ல வருகிறதோ! வெகு நாளாகவே, சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடும் புலிமியா என்ற நோயும் அவளுக்கு இருந்தது. அதனால் உடம்பு முன்பே தளர்ந்து போயிருந்தது என்று அவள் அண்ணன் 2013-ல் சொன்னார். பிள்ளைகள் சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நாம் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும், அம்மாக்களே.

சிகிச்சைக்குப் போக மாட்டேன் என்ற பொருளில் அவள் எழுதிய பாட்டுதான் அவளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பாட்டுக்கு ஆடினவர்களே, செத்ததும் அதையே ஜோக்காகத் திருப்பிச் சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் என்ன? டி.வி. நிகழ்ச்சிகளில் அவள் குடியைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். வீட்டு வாசலில் கேமராக்காரர்கள் ராத்திரி பகலாக நின்றார்கள். எந்தத் தேதியில் சாவாள் என்று ஊகித்துச் சொன்னால் பரிசு என்று இன்டர்நெட்டில் போட்டியே வைத்தார்கள்! இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. 2011 ஜூனில் பெல்கிரேடு மேடையில் நிற்கக்கூட முடியாமல் தள்ளாடியபோது கூட்டம் கூச்சல் போட்டது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவர்கள் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிலையில் ஒரு பெண்ணை மேடையில் ஏற்றினார்களே, அவர்களை யார் கேட்டது? செத்த பிறகு ஆல்பம் மறுபடி முதலிடத்துக்கு வந்து விற்றுத் தள்ளியது. நோயாளியை வைத்தும் லாபம், பிணத்தை வைத்தும் லாபம்.

இதே ஜாஸ் உலகத்தில் சார்லி பார்க்கர் என்று ஒரு சாக்ஸபோன் கலைஞர் இருந்தார். போதையாலும் குடியாலும் உடம்பு கெட்டு 1955-ல் 34 வயதில் இறந்தார். மேதை என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், தப்பில்லை. பில்லி ஹாலிடே என்ற பாடகியோ, 1959-ல் நியூயார்க் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது போதைப் பொருள் வைத்திருந்ததாகப் படுக்கையிலேயே கைது செய்யப்பட்டாள். வாசலில் போலீஸ் காவல் போட்டார்கள். ஆம்பளை குடித்தால் மனக்கவலை, பொம்பளை குடித்தால் திமிர். இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

டோனி பென்னட் என்ற மூத்த பாடகர் 2011 மார்ச்சில் அவளோடு சேர்ந்து ஒரு பழைய பாட்டைப் பதிவு செய்தார். அவரும் ஒரு காலத்தில் போதையில் விழுந்து, சாவின் விளிம்புவரை போய் மீண்டவர். அதைப் பற்றி அவளிடம் பேசாமல் விட்டுவிட்டேனே என்று பிற்பாடு வருந்தினார். அந்தப் பாட்டுக்கு 2012-ல் கிராமி கிடைத்தபோது அவரோடு மேடையேறி வாங்கியவர்கள் ஏமியின் அப்பாவும் அம்மாவும். பென்னட் 2023-ல் தன் 96-வது வயதில் காலமானார். மீண்டு வந்தவருக்கு எத்தனை வருஷம் கிடைத்திருக்கிறது பாருங்கள்!

பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "எல்லாம் சரிதான், அதைப் பெத்தவங்க கவனிச்சிருக்கணும்" என்றார். மறுபடி பழி தாய் தலையில்தான்! அந்தத் தாய் மருந்தாளுநர் வேலை பார்த்தவர், நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோடு போராடுபவர். மகள் இறப்பதற்கு முந்தின நாள்கூடப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். மகளைப் பற்றி 2014-ல் ஒரு புத்தகமும் எழுதினார். மகள் பேரில் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளை, குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீளும் இளம் பெண்கள் மட்டும் தங்கிக்கொள்ள 2016-ல் லண்டனில் ஒரு இல்லம் திறந்தது. 'ஏமியின் இடம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்